காற்றுத்தடை புறக்கணிக்கப்படுகிறது

பதினோராம் வகுப்பு இயற்பியலில் எறிபொருள் இயக்கத்தைப் படித்தவர்களுக்கு ‘காற்றுத்தடையைப் புறக்கணிக்க’ என்ற வரி நினைவில் இருக்கும். பெரும்பாலும் கணக்கின் கடைசியில், அடைப்புக்குறிக்குள் அது நிற்கும். மாணவர்கள் அதைப் படிப்பதில்லை, பார்த்துவிட்டுக் கடந்துபோகிறார்கள். ஆனால் அந்தப் பாடத்தின் சமன்பாடுகள் எல்லாமே அந்த ஒரு வரியை நம்பித்தான் நிற்கின்றன. அதை எடுத்துவிட்டால் பாதை பரவளையமாக இருக்காது. 45 பாகையில் எறிந்தால்தான் அதிக தூரம் போகும் என்ற விதி போய்விடும். ஏற ஆகும் நேரமும் இறங்க ஆகும் நேரமும் சமம் என்பதும் போய்விடும்.

இந்த வழக்கத்தைப் பற்றி என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காற்றை ஒதுக்கிவைத்துச் சிந்திக்கலாம் என்று துணிந்தது இயற்பியல் வரலாற்றின் மிகச் சிறந்த முடிவுகளுள் ஒன்று. அப்படி ஒரு முடிவு எடுக்கப்பட்டது என்பதையே மறைத்து, அதை வெறும் வாசகமாக மாணவர் கையில் கொடுப்பது நம் கற்பித்தலின் பெரிய குறை. இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

இந்த வழக்கத்தின் பலத்திலிருந்து தொடங்கலாம். ஒரு பந்தைச் செங்குத்தாக மேலே எறிகிறோம். கையை விட்டுக் கிளம்பி அது ஏறிக்கொண்டிருக்கும்போது அதன் மீது செயல்படும் நிகர விசை எந்தத் திசையில் இருக்கிறது? ‘மேல்நோக்கி’ என்பதுதான் பெரும்பாலோர் சொல்லும் பதில். கை கொடுத்த விசை பந்துக்குள் தங்கியிருக்கிறது, போகப்போகக் கரைகிறது, உச்சியில் தீர்ந்துபோகிறது, அதன் பிறகு புவியீர்ப்பு மேலோங்கிப் பந்தைக் கீழே இழுக்கிறது என்று அவர்கள் மனத்தில் ஒரு படம் இருக்கிறது. ஜான் கிளெமென்ட் என்ற அமெரிக்க ஆய்வாளர், சுண்டிவிட்ட நாணயத்தை வைத்து இதே கேள்வியைப் பொறியியல் மாணவர்களிடம் கேட்டு 1982-ல் முடிவுகளை வெளியிட்டார். இயந்திரவியல் பாடத்தை முடித்தவர்களிலும் பெரும்பான்மையோர் தவறாகவே பதில் சொல்லியிருந்தார்கள். ஏறும் நாணயத்துக்கு மேல்நோக்கி ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள்.

இதை அறியாமை என்று எளிதாகத் தள்ளிவிட முடியாது. 6ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் ஃபிலோபோனஸும், 14ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ழான் புரிடானும் எறிபவர் பொருளுக்குள் ஏதோ ஒன்றைப் பதித்து அனுப்புகிறார் என்றே கருதினார்கள். அவர்கள் கூர்மையான சிந்தனையாளர்கள். அன்றாட அனுபவமும் அதைத்தான் சொல்கிறது: வண்டியைத் தள்ளுவதை நிறுத்தினால் வண்டி நின்றுவிடுகிறது, ஆகவே நகர்வதற்கு விசை தொடர்ந்து வேண்டும் என்று தோன்றுகிறது.

இந்த எண்ணத்தை உடைக்க ஒரு கேள்வி போதும். பந்தின் மீது விசை இருக்கிறது என்றால் அதைச் செலுத்துவது யார்? கை இப்போது பந்தைத் தொடவில்லை. தொடாத கை தள்ள முடியாது. பந்தைத் தொட்டுக்கொண்டிருப்பது காற்று மட்டுமே. தொடாமல் இழுப்பது பூமி. இந்த இரண்டில் காற்றை ஒதுக்கிவைத்தால் மிச்சமிருப்பது பூமியின் இழுப்பு ஒன்றுதான். ஆக ஏறும்போதும் உச்சியிலும் இறங்கும்போதும் நிகர விசை ஒன்றே. அதன் அளவு பந்தின் எடை, அதன் திசை கீழ்நோக்கி. பந்து சாய்வாகப் போனாலும், கிடையாக எறியப்பட்டாலும், கீழ்நோக்கி வீசப்பட்டாலும் இதில் எந்த மாற்றமும் இல்லை. திசைவேகம் கணத்துக்குக் கணம் மாறுகிறது, விசையோ அசையாமல் அப்படியே இருக்கிறது. இவ்வளவு சுத்தமான உண்மை, காற்றையும் முதல் நாளிலேயே உள்ளே விட்டால் கண்ணுக்குத் தெரியாது. எறிபொருள் பாடத்தின் உண்மையான பரிசு பரவளையமல்ல, இதுதான் என்பேன்.

இந்த ஒதுக்கல் இன்னொன்றையும் வெளிக்கொண்டுவருகிறது. புவியீர்ப்பு விசை பொருளின் நிறைக்கு ஏற்பக் கூடுகிறது. அந்த விசையால் பொருளை முடுக்குவது எவ்வளவு கடினம் என்பதும் அதே நிறையைப் பொறுத்தது. இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆகவே இரும்புக் குண்டுக்கும் இறகுக்கும் ஒரே முடுக்கம், பூமியின் பரப்பில் நொடிக்கு நொடி 9.8 மீட்டர். 1971 ஆகஸ்ட் 2 அன்று அப்பல்லோ 15 வீரர் டேவிட் ஸ்காட், காற்றில்லாத நிலவின் தரையில் நின்று ஒரு கையில் 1.32 கிலோ சுத்தியலையும் மறுகையில் வல்லூறின் இறகையும் பிடித்து ஒரே நேரத்தில் விட்டார். இரண்டும் ஒன்றாகத் தரையைத் தொட்டன. 1907-ல் பெர்ன் நகரக் காப்புரிமை அலுவலகத்தில் இருந்த ஐன்ஸ்டைன், தடையின்றி விழும் மனிதன் தன் எடையை உணரமாட்டான் என்ற எண்ணத்திலிருந்துதான் பொதுச் சார்பியலை நோக்கி நடக்கத் தொடங்கினார். மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சுச் செயற்கைக்கோள் டைட்டானியத்தையும் பிளாட்டினத்தையும் விண்வெளியில் தடையின்றி விழவிட்டு ஒப்பிட்டது. ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு என்ற துல்லியம் வரை இரண்டும் ஒரே மாதிரிதான் விழுகின்றன என்று 2022-ல் வெளியான அதன் இறுதி முடிவு காட்டியது. காற்றை மனத்தால் அகற்றிப் பார்க்கத் துணியாதிருந்தால் இந்தப் பாதையில் முதல் அடியே விழுந்திருக்காது.

அந்தத் துணிவு கலிலேயோவுடையது. 1638-ல் லெய்டனில் அச்சான ‘இரு புதிய அறிவியல்கள்’ நூலின் நான்காம் நாள் உரையாடலில்தான் எறிபொருள் பரவளையத்தில் போகிறது என்ற நிறுவல் வருகிறது. கிடைத்தள இயக்கம் சீராகத் தொடர்கிறது, செங்குத்து இயக்கம் சீராக முடுக்கமடைகிறது, ஒன்று மற்றொன்றைக் கெடுப்பதில்லை என்று காட்டி, இரண்டையும் சேர்த்துப் பரவளையத்தைக் கட்டினார். அத்தோடு அவர் நிறுத்தவில்லை. தன் நிறுவல் எங்கெல்லாம் பொய்க்கும் என்பதையும் அதே பக்கங்களில் எழுதினார். பொருள்களின் எடை, வடிவம், வேகம் ஆகியவை எண்ணற்ற வகைப்படுவதால் காற்றின் தடைக்கு உறுதியான விதி தர இயலாது என்றார். கனமான பொருள் மெதுவாகப் போனால் பிழை சிறியது என்றும், துப்பாக்கி, பீரங்கியிலிருந்து கிளம்பும் குண்டின் வேகம் இயற்கைக்கு மீறியது, அங்கே பாதை சிதைந்துவிடும் என்றும் சொன்னார். எடை கீழ்நோக்கி இழுக்கும் கோடுகள் உண்மையில் இணைகோடுகளல்ல, பூமியின் மையத்தில் கூடுபவை என்பதையும் மறக்காமல் குறிப்பிட்டார். ஒரு புறக்கணிப்பை எப்படிச் செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான முன்மாதிரி இல்லை. எதை விடுகிறேன், ஏன் விடுகிறேன், எதுவரை விடலாம் என்ற மூன்றும் அங்கே இருக்கின்றன. நம் பாடப்புத்தகத்தில் முதலாவது மட்டும்தான் மிஞ்சியிருக்கிறது.

மற்ற இரண்டும் உதிர்ந்துபோவது கலிலேயோவுக்கு அடுத்த தலைமுறையிலேயே தொடங்கிவிட்டது. அவருடைய சீடர் டொரிசெல்லி 1644-ல் எறிபொருள் கணிதத்தை அழகாக விரித்து அட்டவணைகளோடு வெளியிட்டார். ஜெனோவாவிலிருந்து ரெனியேரி என்பவர், சுட்டுப் பார்த்ததில் குண்டுகள் அட்டவணைப்படி போகவில்லை என்று அவருக்கு எழுதினார். தாம் எழுதியது தத்துவவாதிகளுக்கு, பீரங்கிக்காரர்களுக்கு அல்ல என்ற தொனியில் பதில் வந்தது. குருவிடம் எச்சரிக்கையாக இருந்த ஒன்று சீடரிடம் எல்லைச்சுவராகிவிட்டது. கணக்கு ஒரு பக்கம், உலகம் மறுபக்கம். இன்று நம் மாணவர்களின் தலைக்குள் இருப்பதும் இதே சுவர்தான்.

அந்தச் சுவரை இடித்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயர். தமிழ் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர் இது. கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-ல் இங்கே வந்து, கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சலால் இறந்தவர் அவர். அதற்கு முன்பே, 1742-ல், ‘பீரங்கியியலின் புதிய கோட்பாடுகள்’ என்ற நூலை வெளியிட்டிருந்தார். தொங்கும் கனத்த மரப்பலகை மீது குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் பின்வாங்குகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தை அவர் கணக்கிட்டார். பலகையை வெவ்வேறு தொலைவுகளில் நிறுத்திச் சுட்டபோது காற்று எவ்வளவு வேகத்தைத் தின்றுவிடுகிறது என்பது எண்களில் தெரிந்தது. நொடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் வேகத்தில் கிளம்பும் 24 பவுண்டு பீரங்கிக் குண்டின் மீது காற்று செலுத்தும் எதிர்விசை, குண்டின் எடையைப் போல இருபது மடங்கு. பரவளையக் கணக்குப்படி அந்தக் குண்டு 45 பாகையில் 25 கிலோமீட்டருக்கு மேல் போக வேண்டும். உண்மையில் அது போனது 5 கிலோமீட்டருக்கும் குறைவு. பறக்கும் அந்தக் குண்டின் மீது நிகர விசையைத் தீர்மானிப்பது புவியீர்ப்பு என்று சொன்னால் அது உண்மையாகாது. புவியீர்ப்பு அங்கே இருபதில் ஒரு பங்கு. இந்த நூலின் மதிப்பை உணர்ந்து 1745-ல் ஜெர்மனில் மொழிபெயர்த்து, தம் குறிப்புகளையும் சேர்த்து வெளியிட்டவர் மாபெரும் கணித மேதை ஆய்லர்.

பீரங்கிக் குண்டு நமக்குத் தூரத்துச் சங்கதி. கிரிக்கெட் பந்து அப்படியல்ல. அதன் நிறை 160 கிராம் அளவில் இருக்கும், எடை 1.57 நியூட்டன். விட்டம் 7 சென்டிமீட்டரைச் சற்றுத் தாண்டும். மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு ஏறத்தாழ 39 மீட்டர் வேகத்தில், அது பாயும்போது காற்று எவ்வளவு விசையுடன் அதைப் பின்னுக்கு இழுக்கிறது? தடைக் கெழுவை 0.45 என்று வைத்துக் கணக்கிட்டால் சுமார் 1.6 நியூட்டன் வருகிறது. பந்தின் எடையும் காற்றின் தடையும் சமம்! வேகப்பந்து வீச்சாளரின் கையை விட்டுக் கிளம்பிய கணத்தில் பந்தின் மீதுள்ள நிகர விசை நேர்க் கீழாக இல்லை, ஏறக்குறைய 45 பாகையில் பின்னும் கீழுமாகச் சாய்ந்திருக்கிறது. நம் வகுப்புகளில் எத்தனை மாணவர்கள் இதைக் கேட்டிருப்பார்கள்?

என்சிஇஆர்டி வெளியிட்ட பதினோராம் வகுப்புப் புத்தகத்தில் ஒரு கணக்கு உண்டு. ஓர் ஆட்டக்காரரால் பந்தைக் கிடைத்தளத்தில் அதிகபட்சம் 100 மீட்டர் எறிய முடியும், அதே பந்தை அவர் எவ்வளவு உயரம் எறியலாம்? விடை 50 மீட்டர். கணிதமாகப் பார்த்தால் அழகான கணக்கு. வீச்சுத் தூரத்தில் பாதிதான் உயரம் என்ற தொடர்பு, எறியும் வேகமோ புவியீர்ப்பு முடுக்கமோ தெரியாமலேயே வந்துவிடுகிறது. ஆனால் 100 மீட்டர் பறக்கும் கிரிக்கெட் பந்துக்குக் காற்று ஒரு பொருட்டல்ல என்று எடுத்துக்கொள்வது எப்படி? நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் 45 பாகையில் கிளம்பும் பந்தை எடுத்துக்கொண்டு, அதன் பாதையை அரை நொடி அரை நொடியாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டிலும் காற்றுத்தடையைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். புத்தகச் சூத்திரப்படி அது 163 மீட்டர் போக வேண்டும். காற்றைச் சேர்த்தால் 92 மீட்டர் அளவில் விழுந்துவிடுகிறது. உச்ச உயரம் 41 மீட்டரிலிருந்து 29 மீட்டராகக் குறைகிறது. கிளம்பியது 45 பாகையில், தரையைத் தொடுவதோ 55 பாகைக்கும் மேலான சரிவில். எல்லைக்கோட்டில் அண்ணாந்து நிற்கும் ஃபீல்டர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். உயர்ந்த கேட்ச் கடைசியில் தலைக்கு மேலிருந்து இறங்குவதுபோல் வரும். அதே வேகத்தில் செங்குத்தாக எறிந்தால் ஏறும் உயரம் சுமார் 55 மீட்டர். ஆக 92 மீட்டர் எறிபவரால் 46 மீட்டரல்ல, 55 மீட்டர் உயரம் எறிய முடியும். ‘பாதி’ என்ற விதி உடைந்துவிட்டது. காற்று எண்களைக் குறைத்ததோடு நிற்கவில்லை, அவற்றுக்கு இடையிலிருந்த உறவையும் மாற்றிவிட்டது.

இந்த இடத்தில்தான் வழக்கமான சமாதானம் வரும்: ‘விடை கொஞ்சம் மாறும், கருத்து அதேதான்.’ 163-க்கும் 92-க்கும் உள்ள வேறுபாடு கொஞ்சம் அல்ல. கருத்தும் அதே அல்ல.

சரி, எப்போது புறக்கணிக்கலாம்? அதற்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது, பள்ளியிலேயே சொல்லித்தரக்கூடியது. எந்தப் பொருளும் காற்றில் விழும்போது வேகம் கூடக்கூடத் தடையும் கூடி, ஒரு கட்டத்தில் எடைக்குச் சமமாகிவிடும். அதற்குமேல் வேகம் கூடாது. அதையே முற்றுத் திசைவேகம் என்கிறோம். சாதாரண அளவுப் பந்துகளுக்குத் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுவதால், பொருளின் வேகம் அதன் முற்றுத் திசைவேகத்தில் பத்தில் ஒரு பங்காக இருந்தால் தடை எடையில் நூறில் ஒரு பங்கு. தாராளமாகப் புறக்கணிக்கலாம். பாதியாக இருந்தால் தடை எடையில் கால் பங்கு, யோசிக்க வேண்டும். சமமாக இருந்தால் புறக்கணிப்புக்கு இடமே இல்லை. கிரிக்கெட் பந்தின் முற்றுத் திசைவேகம் நொடிக்கு 38 மீட்டர் அளவில் வருகிறது. நடுவர் பந்து வீச்சாளருக்கு மெல்லத் தூக்கிப்போடும்போது புத்தகச் சமன்பாடு அச்சுப் பிசகாமல் பொருந்தும். அதே பந்து சிக்ஸருக்குப் போகும்போது பொருந்தாது. ஆண்களுக்கான குண்டு எறிதலில் 7.26 கிலோ இரும்புக் குண்டு நொடிக்கு 14 மீட்டர் வேகத்தில் கிளம்பினாலும் தடை எடையில் நூறில் ஒரு பங்கைத் தாண்டாது. கலிலேயோ சொன்ன ‘கனமானது, மெதுவானது’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமான உதாரணம் மைதானத்தில் கிடைக்காது. பாடப்புத்தகங்கள் கிரிக்கெட் பந்தை விட்டுக் குண்டைப் பிடித்தால் ‘புறக்கணிக்க’ என்ற வரி மெய்யாகிவிடும்.

மறுகோடியில் பூப்பந்தாட்ட இறகுப்பந்து இருக்கிறது. 5 கிராம் நிறை, முற்றுத் திசைவேகம் நொடிக்கு 7 மீட்டருக்கும் குறைவு. 2023-ல் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் பதிவானது. அந்த வேகத்தில் கிளம்பும் இறகுப்பந்தின் மீது காற்றின் தடை எடையைப் போலப் பல நூறு மடங்கு. அங்கே புறக்கணிக்கத் தக்கது புவியீர்ப்புதான்! அடித்த முதல் கணங்களில் அந்தப் பந்துக்குப் பூமி இருப்பதே தெரியாது எனலாம்.

காற்று எதிர்ப்பது மட்டுமல்ல, தாங்கவும் செய்கிறது. 1984-ல் உவே ஹோன் ஈட்டியை 104.80 மீட்டர் எறிந்தார். ஈட்டி மைதானத்தைத் தாண்டிவிடும் என்ற அச்சமும், அது தட்டையாக விழுந்து அளவெடுப்பதில் வந்த தகராறுகளும் சேர்ந்து, 1986-ல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 சென்டிமீட்டர் முன்னே தள்ளிவைக்கச் செய்தன. நிறை மாறவில்லை, பூமியின் இழுப்பும் மாறவில்லை. காற்று ஈட்டியைத் தாங்கும் விதம் மாறியது, தூரங்கள் குறைந்தன. நீரஜ் சோப்ரா எறிவது அந்தப் புதிய ஈட்டியைத்தான்.

இத்தனைக்கும் நடுவே எனக்கு மிகவும் பிடித்த ஒரு செய்தி உண்டு. செங்குத்தாக மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்கிறது. அங்கே அதன் வேகம் சுழி. காற்றுத்தடை வேகத்தைப் பொறுத்தது, ஆகவே தடையும் சுழி. காற்று நிறைந்த உலகத்திலும் அந்த ஒரு கணத்தில் நிகர விசை எடை மட்டுமே. ‘காற்றைப் புறக்கணிக்க’ என்ற வரி நூற்றுக்கு நூறு உண்மையாகும் இடம் அதுதான். மாணவர்கள் ‘விசை சுழி’ என்று எழுதித் தவறும் இடமும் அதேதான். அதற்கு முன், ஏறும்போது, தடையும் எடையும் ஒரே திசையில் கீழ்நோக்கி இருப்பதால் நிகர விசை எடையைவிட அதிகம். பின்னர் இறங்கும்போது தடை மேல்நோக்கித் திரும்பிவிடுவதால் எடையைவிடக் குறைவு. அதனால் ஏறும் நேரம் குறைவு, இறங்கும் நேரம் அதிகம்.

இதற்கு நேர்மாறான காட்சி மழையில் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் விட்டமுள்ள மழைத்துளி நொடிக்கு 6.5 மீட்டர் வேகத்தில் சீராக இறங்குகிறது. வேகம் முழுவதுமாக இருக்கிறது, புவியீர்ப்பும் முழுவதுமாக இருக்கிறது, நிகர விசை மட்டும் சுழி. காற்று இல்லாதிருந்தால், 2 கிலோமீட்டர் உயரத்து மேகத்திலிருந்து விழும் துளி மணிக்கு 700 கிலோமீட்டர் வேகத்தில் நம் தலையில் இறங்கும். உச்சியில் நிற்கும் பந்துக்கு வேகமில்லை, விசை உண்டு. விழுந்துகொண்டிருக்கும் துளிக்கு வேகம் உண்டு, நிகர விசை இல்லை. இந்த இரண்டையும் கரும்பலகையில் அடுத்தடுத்து வரைந்து காட்டினால், இயங்குவதற்கு விசை வேண்டும் என்ற பழைய எண்ணம் இரு பக்கமும் அடிவாங்கும். காற்றை நிரந்தரமாக வெளியேற்றிவிட்ட வகுப்பறை பாதிப் படத்தை இழக்கிறது.

மேலே இருப்பவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னாட்டு விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே புவியீர்ப்பு முடுக்கம் 8.7 அளவில் இருக்கிறது, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்குக்குச் சற்றே குறைவு. வீரர்கள் மிதப்பது புவியீர்ப்பு இல்லாததால் அல்ல, அது ஒன்று மட்டுமே அவர்கள் மீது செயல்படுவதால். தங்களைச் சுமக்கும் கூண்டோடு சேர்ந்து அவர்கள் விழுந்துகொண்டே இருக்கிறார்கள். ‘ஈர்ப்பு விசை இல்லாத விண்வெளி’ என்று செய்திகளில் வரும் தொடர் தவறு. தடையின்றிப் பறக்கும் பொருளின் மீது நிகர விசை எது என்பதை ஒழுங்காகக் கற்றவர் அந்தத் தொடரை எழுதமாட்டார்.

ஆசிரியர்கள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போகக் கூடாது. காற்றைச் சேர்த்துவிட்டால் சமன்பாடு பள்ளிக் கணிதத்தில் தீராது. வேகம் தடையை மாற்றுகிறது, தடை வேகத்தை மாற்றுகிறது. கிடைத்தள இயக்கமும் செங்குத்து இயக்கமும் தனித்தனி என்ற கலிலேயோவின் பிரிவினையே அங்கே செல்லாது, ஏனென்றால் தடை மொத்த வேகத்தைப் பொறுத்தது. நுழைவுத் தேர்வில் ஒரு நிமிடத்தில் விடை குறிக்க வேண்டிய மாணவருக்கு இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. பாடத்திட்டத்தை முடிக்கப் போராடும் ஆசிரியரின் நெருக்கடியும் உண்மையானது. ஆனால் நான் கேட்பது தடையுடன் கூடிய முழுத் தீர்வை அல்ல. கணக்கில் வரும் பொருளுக்குத் தடையும் எடையும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்ற ஒரு கேள்வியைத்தான். பாடத்தில் முற்றுத் திசைவேகம் ஏற்கெனவே இருக்கிறது, பாய்மங்கள் பற்றிய பகுதியில், எறிபொருள் இயக்கத்துக்குப் பல அத்தியாயங்கள் தள்ளி. இரண்டையும் யாரும் இணைப்பதில்லை. அங்கே எண்ணெய்க்குள் மெல்ல இறங்கும் சிறு குண்டுக்கான ஸ்டோக்ஸ் விதி வருகிறது. வேகமாகப் பறக்கும் பந்துக்கு அந்த விதி பொருந்தாது என்பதும் பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை.

45 பாகை என்ற விதியையும் இப்படித்தான் மனப்பாடம் செய்கிறோம். தரையிலிருந்து கிளம்பித் தரையிலேயே விழும், காற்றில்லாத எறிதலுக்கு மட்டுமே அது உரியது. குண்டு எறிபவர் தோளுக்கு மேலிருந்து எறிவதால் அவருக்கு உகந்த கோணம் 45-க்குக் கீழே. சிக்ஸர் அடிக்கும் மட்டையாளருக்குக் காற்றின் காரணமாக அதற்குக் கீழே. 1918-ல் ஜெர்மானியர்கள் 120 கிலோமீட்டர் தொலைவிலிருந்து பாரிஸைத் தாக்கிய பீரங்கிக்கோ 45-க்கு மேலே, ஏனென்றால் குண்டு சீக்கிரமாக ஏறி 40 கிலோமீட்டர் உயரத்து மெல்லிய காற்றில் பெரும் பகுதியைக் கடக்க வேண்டியிருந்தது. பரவளையம் என்பதும் தோராயமே. பூமியின் மையத்தைக் குவியமாகக் கொண்ட நீள்வட்டத்தின் ஒரு சிறு துண்டைத்தான் நாம் பரவளையம் என்று வரைகிறோம். 100 மீட்டரில் அந்த வேறுபாடு பொருட்படுத்தத் தக்கதல்ல, கண்டங்களுக்கிடையே பாயும் ஏவுகணையிலோ அதை விட்டால் இலக்கே தவறும். புறக்கணிப்புக்கு எப்போதும் ஓர் அளவு உண்டு, அந்த அளவைச் சொல்லாத புறக்கணிப்பு அரைகுறை.

துண்டு துண்டாகக் கணக்கிடும் முறை இன்று எட்டாக்கனி அல்ல. கிரிக்கெட் பந்தின் 92 மீட்டரைப் பெற எனக்குப் பெருக்கல், கூட்டல், ஒரு வர்க்கமூலம், அவ்வளவுதான் தேவைப்பட்டன. பள்ளிக் கணினியில் இருக்கும் விரிதாளில் மாணவர்கள் இதை ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். தடைக் கெழுவைச் சுழி என்று போட்டால் புத்தகப் பரவளையம் திரையில் வரும், 0.45 என்று மாற்றினால் அது கண்முன் வளைந்து சரியும். எந்த எண்ணை மாற்றியதால் எது மாறியது என்பது மாணவரின் விரல்நுனியில் இருக்கும்.

கணினி இல்லாத பள்ளிக்கும் வழி இருக்கிறது. சிறிய கேக்குகளை வைத்துச் சுடும் மெல்லிய காகிதக் கிண்ணங்கள் கடையில் மலிவாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டும் தனியாகவும், நான்கை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகியும் எடுத்துக்கொள்ள வேண்டும். அடுக்கின் வடிவமும் அகலமும் ஒற்றைக் கிண்ணத்துடையவைதான், எடை மட்டும் நான்கு மடங்கு. தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது என்றால், நான்கு மடங்கு எடையைச் சமன்செய்ய இரண்டு மடங்கு வேகம் வேண்டும். ஒற்றைக் கிண்ணத்தை ஒன்றரை மீட்டர் உயரத்திலிருந்தும், நான்கின் அடுக்கை மாடிப்படியில் நின்று 3 மீட்டர் உயரத்திலிருந்தும் ஒரே நேரத்தில் விட்டால், இரண்டும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தரையைத் தொடும். அடுத்து ஒரு ரப்பர் பந்தையும் இரும்புக் குண்டையும் அதே உயரங்களிலிருந்து விடச் சொல்லி, ஏன் இவை அப்படி ஒன்றாக விழவில்லை என்று கேட்கலாம். செய்முறைத் தேர்வில் இதற்கு 5 மதிப்பெண் ஒதுக்குவது பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு கூட்டத்தில் முடிகிற வேலை.